மெத்தென்று இறக்காத கேப்டன்

கேப்டன் அக்கா எதையும் தடாலென்றுதான் வைப்பார். டீ டம்ளரை மேசையில் வைத்தாலும் சரி, பெட்டியைக் கார் டிக்கியில் வைத்தாலும் சரி, விமானத்தைத் தீவில் வைத்தாலும் சரி. பேச்சும் அப்படித்தான். சொல்ல வேண்டியது முதல் வாக்கியத்திலேயே வந்து விழுந்துவிடும்.

அவரை நான் முதலில் பார்த்தது பொன்னேரியில், எங்கள் தெருமுனையில் வந்து நின்ற கம்பெனி காருக்குள். வாடகைக்குத் தனி விமானம் விடுகிற சின்னக் கம்பெனி அது. வசதிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போகும் குட்டி ஜெட். அதில் பணிப்பெண்ணாக எனக்கு அன்று முதல் நாள். விமானி ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறார், அதே காரில் நீயும் ஏறிக்கொள் என்று சொல்லியிருந்தார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து விமானியா என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். நெல் அறுத்து மூட்டை கட்டுகிற வீடு எங்களுடையது. ஆரம்பாக்கம் என்றால் காலை ரயிலில் சாப்பாட்டுப் பையோடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற கூட்டம்தான் எங்களுக்குத் தெரியும்.

காரில் ஏறி, "குட் மார்னிங் மேடம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ போட்டுக்கினு வந்துகீற செண்ட்டு எனக்குத் தும்மல் வர வெக்கிது. நாளைலேர்ந்து வாணாம். மத்தபடி டிரெஸ்ஸு, தல எல்லாம் ஷோக்கா கீது. நாஷ்டா ஆச்சா?"

திட்டு, பாராட்டு, விசாரிப்பு எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. நான் திகைத்துப்போய் இல்லையென்று தலையாட்டினேன். மடியிலிருந்த இட்லிப் பொட்டலத்தில் பாதியை என் மடியில் வைத்தார். அதையும் தடாலென்றுதான்.

"மேடம்லாம் வாணாம். பிளேன்ல கேப்டன். கார்ல அக்கா."

இரண்டையும் சேர்த்துக் கேப்டன் அக்கா என்று ஆக்கியது நான்தான்.

விமானத்துக்குள் போய்விட்டால் ஆள் மாறிவிடுவார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால், சற்று முன் செங்குன்றம் சுங்கச்சாவடியில் லாரிக்காரனிடம் "இன்னா நைனா, உன் ஊட்டு ரோடா?" என்று கேட்டது இவர்தானா என்று சந்தேகம் வரும்.

இந்த நேர்ப்பேச்சு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது புரிந்தது. அவருடைய அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கம்பி உருட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. அந்த வீட்டில் எல்லோருமே சத்தமாக, சுருக்கமாகப் பேசினார்கள். நான் வாசலில் நின்று, "நான் அவங்களோட வேலை செய்றேங்க, பொன்னேரி, நெறைய சொல்லியிருக்காங்க உங்களப் பத்தி" என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே திரும்பி மகளிடம், "இன்னா வேணுமாம் இந்தப் பொண்ணுக்கு?" என்றார்.

"சோறு வேணுமாம் நைனா!" என்று அடுப்படியிலிருந்து கத்தினார் கேப்டன் அக்கா.

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? வா, உக்காரு."

இறால் தொக்கும் சோறும் வந்தன. நான் அதற்கு மேல் அந்த வீட்டில் இழுத்துப் பேசவே இல்லை.

அவர் விமானம் இறக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிடைக்கும் சவாரிகளில் பாதிக்கு மேல் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குத்தான். மேலிருந்து பார்த்தால் கடலில் யாரோ கருப்பு நாடாத் துண்டு ஒன்றை வெட்டிப் போட்டதுபோல ஓடுபாதை தெரியும். இந்தப் பக்கமும் கடல், அந்தப் பக்கமும் கடல். என் இருக்கை விமானி அறையை ஒட்டிக் கதவருகே இருந்தது. திரையை ஒதுக்கிக் கட்டியிருப்பார்கள். கேப்டன் அக்காவின் தோளுக்கும் துணை விமானியின் தோளுக்கும் நடுவே எனக்கு எல்லாம் தெரியும். துணை விமானி கோயம்புத்தூர்க்காரர். காரியத்துக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசமாட்டார்.

பெரிய விமான நிலையங்களில் சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன் விமானி மூக்கைக் கொஞ்சம் நிமிர்த்தி, காற்றில் மிதக்கவிட்டு, பூவைப்போல இறக்குவார். தொட்டதே பயணிகளுக்குத் தெரியாது. அந்த மிதப்பில் கீழே ஓடுபாதை தீர்ந்துகொண்டிருக்கும். நீளமான இடத்தில் அது ஒரு பொருட்டில்லை. தீவில் அப்படி மிதந்தால் பிரேக் பிடிக்க இடம் மிஞ்சாது. அதனால் கேப்டன் அக்கா மிதக்கவே விடமாட்டார். பாதையின் தொடக்கத்தில் வெள்ளைப் பட்டைகள் தீட்டியிருக்கும். அதன்மேல் டொம்மென்று வைப்பார். வைத்த கணமே இறக்கைமேல் தகடுகள் எழும், எஞ்சின் எதிர்த்திசையில் சீறும், பெல்ட் வயிற்றைப் பிடிக்கும். அதற்கு முன்பே நான் கண்ணாடிக் குவளைகளைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் அடைத்திருப்பேன். அடைக்காமல் விட்ட முதல் நாள் ஒரு செட் போனது.

ஒரு நகைக்கடை முதலாளி இறங்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஷேர் ஆட்டோல வந்த மாதிரி இருக்கும்மா" என்றார்.

"ஷேர் ஆட்டோ நீங்க எங்க சொன்னாலும் நிக்கும் சார். நானும் சொன்ன எடத்துல நிறுத்திட்டேன்" என்றார் கேப்டன் அக்கா. நகைக்கடைக்காரர் சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் காரில் நான், "கொஞ்சம் மெத்துனு எறக்குனா தான் இன்னாக்கா?" என்று கேட்டேன்.

"நம்மூரு ரயிலு பிளாட்பாரத்தத் தாண்டி நின்னா எறங்கி நடந்துக்கலாம். இங்க தாண்டுனா நீந்தணும்டி. உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"எனுக்கும் தெரியாது."

கண்ணைக்கூட அவர் நம்புவதில்லை. சுற்றிலும் தண்ணீர், மரமில்லை, வீடில்லை. கண்ணுக்கு அளவு சொல்ல எதுவுமே இல்லை. பாதை குறுகலாக இருந்தால் விமானம் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாகத் தோன்றுமாம். "அத நம்பித் தாழப் பறந்தா சக்கரம் தண்ணியில நனைஞ்சிரும். நான் கருவி காட்டுற நம்பரத்தான் நம்புவேன். என் கண்ணு மேல எனுக்கு மரியாத உண்டு, நம்பிக்க கெடையாது."

அந்த நேர்ப்பேச்சு வலிக்கவும் செய்யும். ஒரு பெரிய விமான நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தேன். வீட்டில் எல்லோரும், உன் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை என்று தேற்றினார்கள். மறுநாள் காரில் கேப்டன் அக்கா சொன்னார்: "உன் இங்கிலீஷு போறாது. வேற ஒண்ணுமில்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.  கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் பார்த்தார், ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளிலிருந்து காரில் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். பதில் சொல்லவில்லையென்றால் அதே கேள்வியை மறுபடி கேட்பார். பேஜாராக இருக்கும். ஓட்டுநர் அண்ணன்கூட ஒரு கட்டத்தில் "எஸ் மேடம்" என்று ஆரம்பித்துவிட்டார். பின்னால் எனக்கு அந்தப் பெரிய நிறுவனத்திலேயே வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

அவரைப் பெண் பார்க்க வந்த நாளன்று நானும் இருந்தேன். மாப்பிள்ளை காக்களூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். கேசரித் தட்டுகளை வைத்துவிட்டு நேராக அவர் எதிரில் உட்கார்ந்தார் கேப்டன் அக்கா.

"மாசத்துல பாதி நாளு ஊட்ல இருக்க மாட்டேன். எனக்கு சமைக்கத் தெரியும், ஆனா சமைக்க மாட்டேன். வேலய வுட மாட்டேன். இது மூணுல எது உங்களுக்கு ஆவாது?"

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. மாப்பிள்ளை நல்ல மனுஷர், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்ல ஊரையே சுற்றி வருகிறவர். லேத் பட்டறை எப்படி ஆரம்பித்தது, தன் அத்தை வீட்டில் யார் சமைப்பார்கள், காக்களூரில் நல்ல மெஸ் எது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். கேப்டன் அக்கா பொறுமையாகக் கேட்டார். அவ்வளவு பொறுமையை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில், "அப்ப நீங்க சமைப்பீங்க. சரி" என்றார். மாப்பிள்ளை அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

இனி அந்த அறுபதாம் கல்யாணம்.

கும்மிடிப்பூண்டியில் பெரிய உருக்காலை வைத்திருந்த ஒரு முதலாளி தம்பதி. கேப்டன் அக்காவின் அப்பா வேலை பார்த்த ஆலை இல்லை, ஆனால் அதே சாலையில் இருந்தது. முதலாளியின் அறுபதாம் கல்யாணத்தை ஒரு தீவில் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள், ஐயர், நாதஸ்வரக்காரர் எல்லோரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முகூர்த்தத்தன்று காலையில் இவர்கள் இருவரும் எங்கள் விமானத்தில்.

புறப்படுமுன் கேப்டன் அக்கா அவர்கள் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, அம்மா, அங்க மழ கீதுன்னு சொல்றாங்க. ஓடுபாத சின்னது. ஈரமா இருந்தா நிக்கறதுக்கு அதிக தூரம் ஓடும். ரெண்டு தடவ பாப்பேன். சரி வரலன்னா பக்கத்துல பெரிய தீவுல எறங்கி, அங்கேர்ந்து படகு. இப்பவே சொல்லிட்டேன்."

முதலாளி சிரித்தார். "அதெல்லாம் நீங்க எறக்கிடுவீங்கம்மா. உங்க பேரக் கேட்டுத்தானே புக் பண்ணேன்." அந்த அம்மா கணவர் பேசும்போது பேசாமலிருந்து பழகியவர் என்று பார்த்ததும் தெரிந்தது.

தீவு தெரிந்தபோது அதன் ஒரு முனையில் மழை திரைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையிலிருந்து இறங்கினோம். காற்று பின்னாலிருந்து தள்ளியது. தாழ்ந்தோம், இன்னும் தாழ்ந்தோம். வெள்ளைப் பட்டைகள் எங்களுக்கு அடியில் போயின. சக்கரம் தொடவில்லை. கால் நீட்டினால் எட்டிவிடும் உயரத்தில் தரை ஓடிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள், வை, வை என்றேன்.

"கோ அரவுண்ட்" என்றார் கேப்டன் அக்கா. மறுபடி மேலே போகிறோம் என்று அர்த்தம். எஞ்சின் அலறியது, மூக்கு வானத்தைப் பார்த்தது. ஓடுபாதை முடிந்து, பாறைகள் போய், கடல் வந்தது.

முதலாளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்னால் வந்துவிட்டார். நான் குறுக்கே நின்றேன். என் தலைக்கு மேலாகக் கத்தினார்.

"இன்னும் ஒரு அடிதாம்மா இருந்துச்சு! இன்னாத்துக்குத் தூக்கின? முகூர்த்தம் போவுது. வை கீழ, நான் பொறுப்பு!"

கேப்டன் அக்கா திரும்பவில்லை. "நீங்க பொறுப்பு எடுத்துக்க முடியாதுங்கய்யா. ஓட்டறது நானு. போய் பெல்ட்டப் போடுங்க."

அப்படி ஒரு குரலில் யாரும் முதலாளியிடம் பேசியிருக்க மாட்டார்கள். போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் வட்டமடித்துக் காத்திருந்தோம். மழை நகர்ந்ததுபோலத் தெரிந்ததும் இன்னொரு பக்கமாக, காற்றுக்கு எதிராக இறங்கினோம். பாதை விளக்குகள் தெரிந்தன. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று யாரோ வாளியால் ஊற்றியதுபோல மழை கண்ணாடியில் விழுந்தது. விளக்குகள் காணாமல் போயின. கேப்டன் அக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மறுபடி எஞ்சின் அலறியது.

"இன்னும் ஒரே ஒரு தடவ" என்று பின்னாலிருந்து கெஞ்சுகிற குரல் வந்தது.

"ரெண்டுன்னு சென்னையிலேயே சொன்னேங்கய்யா." விமானம் பெரிய தீவைப் பார்த்துத் திரும்பியது.

அங்கே, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் வரிசையில், கேப்டன் அக்காவின் காதில் விழும்படியே முதலாளி எங்கள் கம்பெனிக்காரரைப் போனில் கூப்பிட்டார். "இந்த ட்ரிப்போட இந்தம்மாவ நிறுத்திடுங்க. இல்லன்னா எங்க ஆளுங்க யாரும் இனிமே உங்க பிளேன்ல ஏற மாட்டாங்க." அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிறகு என்னிடம், "நீ அவங்க கூடப் படகுல போ. அம்மா பட்டுப்பொடவ கட்டிக்கினு கீறாங்க, ஒரு பிளாஸ்டிக் ஷீட் எடுத்துக்கோ" என்றார். 

பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தேன். அந்த அம்மா வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். படகு அலையில் ஏறி இறங்கியது. முதலாளி ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அம்மா ஒரு கையால் அவர் முதுகைத் தடவியபடி இன்னொரு கையை மழைக்கு நீட்டிக்கொண்டு சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நான் பழவேற்காட்டுப் பொண்ணும்மா" என்றார் என்னிடம். "எங்க நைனா படகுலயே வளந்தேன். கல்யாணமான பெறவு ஏறுனதே இல்ல. இவருக்குப் படகுன்னா ஆவாது, அதனால நானும் ஏறல. எத்தினி வருசம்!"

சின்னத் தீவின் படகுத்துறை ஓடுபாதையின் கடைசி முனையை ஒட்டி இருந்தது. நடக்க முடியாமல் முதலாளி அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்தார். எதிரில் பாதை முழுவதும் தண்ணீர் தேங்கிப் பளபளத்தது. அது முடிகிற இடத்தில் புல் கொஞ்சம், அப்புறம் பாறை, அப்புறம் அலை. அவர் அந்த முனையையும் இந்த முனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுலயா எறங்கப் பாத்தோம்?"

"ஆமாங்கய்யா."

"மொத்தமே இவ்ளோதானா?"

"அவ்ளோதாங்கய்யா."

 அம்மாதான் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். ஐயர் அன்றைக்கே வேறொரு நல்ல நேரம் கண்டுபிடித்துவிட்டார். அது அவருக்குப் பெரிய சிரமமாகத் தெரியவில்லை. உப்புத்தண்ணீரில் நனைந்த பட்டுப்புடவையோடு அம்மா மணவறையில் உட்கார்ந்தார். மாற்றுப்புடவை இருந்தும் மாற்றவில்லை.

சாயங்காலம் கேப்டன் அக்காவுக்குப் போன் செய்து, எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொன்னேன்.

"பயமா இருந்துச்சாக்கா? வேல போயிடும்னு?"

"வேல போனா வேற வேல. மொத தடவ எறங்கும்போது, போட்டுடலாம்னு ஒரு நொடி எனுக்கே தோணிச்சிடி. முகூர்த்தம், அந்தம்மா மூஞ்சி, எல்லாம் மனசுல வந்துச்சு. அதுக்குத்தான் பயந்தேன். எறங்குனப்புறம் ஒரு டீ குடிக்க முடியல."

பயந்ததாக அவரே சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.  "இப்ப குடிச்சிட்டீங்களா?" என்றேன்.

"ரெண்டு குடிச்சேன். போனை வை."

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. எங்களை அழைத்துப்போக விமானம் வந்தது. அத்தனை தடவை அவரோடு பறந்திருந்தும், அவர் இறக்குவதை வெளியிலிருந்து நான் பார்த்தது அன்றுதான். முதலில் சத்தமில்லாத வெள்ளைப் புள்ளி. பிறகு பெரிதாகி, கடலை உரசுவதுபோல வந்து, பட்டைமேல் டொம்! சக்கரத்திலிருந்து கொஞ்சம் புகை. எங்களுக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட்டது. அம்மா கைதட்டினார்.

கேப்டன் அக்கா படிக்கட்டில் இறங்கி வந்து நின்றார். முதலாளி அவர் முன்னால் போனார். தொண்டையைச் செருமினார்.

"அது வந்தும்மா... நேத்து மழ வேற... நானும் வயசானவன்... முகூர்த்தம்னா ஒரு டென்ஷன் இருக்கும் இல்ல... கம்பெனில காலைல பேசிட்டேன்... நீங்களும் தப்பா..."

"மன்னிப்புதானுங்களேய்யா? சரி, வுடுங்க. ஏறுங்க, காத்து மாறப் போவுது."

முதலாளி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஏறப் போனவர் திரும்பிப் பார்த்தால் அம்மா அசையவில்லை.

"நான் படகுலயே வரேன்" என்றார் அம்மா.

"இன்னா பேசற நீ?"

"முத்திர அங்க குத்துனதால, திரும்பறப்பவும் பாஸ்போர்ட்டு பாக்க பெரிய தீவுல எப்டியும் எறங்கணுமாமே. நீங்க பறந்து வாங்க. நான் அங்க வந்து ஏறிக்கறேன்." அந்த அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி முதலாளி கேட்டதில்லைபோல, வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு உதவிக்குக் கேப்டன் அக்காவைப் பார்த்தார்.

"போவட்டுங்கய்யா" என்றார் அவர். என்னைப் பார்த்து, "நீயும் போ. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கோங்க ரெண்டு பேரும்."

படகு நடுக்கடலுக்கு வந்தபோது விமானம் கிளம்பி எங்கள் தலைக்குமேல் போனது. அம்மா எழுந்து நின்று முந்தானையை வீசி வீசிக் காட்டினார். படகோட்டி பதறிப்போய் உட்காரச் சொன்னான். கேப்டன் அக்கா இறக்கையை ஆட்டிப் பதில் காட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை. நேராக ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் கரை சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. துறையில் முதலாளி செருப்பும் துண்டுமாக அம்மாவுக்காக நின்றிருந்தார். பக்கத்தில் கேப்டன் அக்கா. அவர்தான் அம்மா இறங்கக் கை கொடுத்து, "எப்டி இருந்துச்சும்மா?" என்று கேட்டார்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார். அலை வந்தது, மீன் துள்ளியது, படகோட்டி திட்டியது, சின்ன வயதில் அப்பாவோடு ஏரிக்குப் போனது என்று போய்க்கொண்டே இருந்தது. புறப்பட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. துணை விமானி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கேப்டன் அக்கா அந்த அம்மாவின் கையை விடாமல், கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றார்.